கண்ணில் பட்டும் மனசில் பதியாத மனிதர்கள்: கவனம் எப்படி வேலை செய்கிறது?

செங்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். "இப்பம்லாம் யாரு யாரப் பாக்கா? பக்கத்துல ஆளு விழுந்து கெடந்தாலும் தாண்டிப் போயிட்டே இருக்கான்." உடனே ஒருவர் செல்போனைத் திட்டுவார். இன்னொருவர், "எல்லாம் பணம் படுத்துத பாடு, வே" என்பார். யோகா வகுப்புக்குப் போய்வந்த யாராவது இருந்தால், "நிதானமா மூச்சு விட்டுப் பழகுங்க, எல்லாம் சரியாயிரும்" என்று தீர்ப்பை முடித்துவைப்பார்.

மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றுக்கும் அடியில் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது: கண் திறந்திருந்தால் எதிரே இருப்பது தெரிந்துவிடும், தெரிந்தும் போகிறான் என்றால் மனசு சரியில்லை என்கிற கணக்கு. உளவியல்காரர்கள் 70 வருஷத்துக்கும் மேலாகச் சோதித்துப் பார்த்ததில், கண் திறந்திருப்பதும் தெரிவதும் வேறு வேறு என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நல்ல மனசுக்காரரும் எதிரே நிற்பவரைத் தவறவிடுவார். அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான், "நிதானமாக இரு" என்ற அறிவுரைக்கு என்ன பொருள், அதில் எவ்வளவு வேலை செய்யும், எவ்வளவு செய்யாது என்று பிடிபடும்.

சாவடியில் நிற்பது ஒரே ஆள்

புளியரை சோதனைச் சாவடி தெரியும்தானே, தமிழ்நாடு-கேரள எல்லையில், கொல்லம் ரோட்டில் கோட்டைவாசல் மலைப்பாதை ஏறுவதற்கு முன்னால். தேங்காய் லாரி, வைக்கோல் வண்டி, எம்-சாண்ட் டாரஸ், காய்கறி ஏற்றிய மினி லாரி, கார்த்திகை பிறந்தால் ஐயப்பமார் வேன், சாரல் அடித்தால் குற்றாலத்துக்கு வருகிற கேரளக் கார்கள் என்று இரண்டு பக்கமும் ஓயாது. இப்படி ஒரு சாவடியில் ஒரே ஒரு ஆள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வண்டியின் தார்ப்பாயையும் அவரால் அவிழ்த்துப் பார்க்க முடியாது. பத்தை நிறுத்தினால் நூறு பின்னால் தேங்கும். அதனால் சிலதை நிறுத்துவார், மீதியைக் கையசைத்து அனுப்பிவிடுவார். அனுப்பிய வண்டிகளும் அவர் கண் முன்னால்தான் போயின. ஆனால் எதில் என்ன இருந்தது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

நம் மூளையில் கவனம் என்பது ஏறக்குறைய அந்த ஒற்றை ஆள்தான். கண்ணும் காதும் தோலும் அனுப்புகிற சரக்கு ஏராளம். உள்ளே நின்று பிரித்துப் பார்க்கிற இடம் குறுகல். வருகிற எல்லாவற்றிலிருந்தும் ஒன்றிரண்டை மட்டும் நிறுத்திப் பார்த்துவிட்டு, மற்றதைப் பார்க்காமலே விடுகிற இந்த ஏற்பாட்டுக்குத் தேர்ந்த கவனம் என்று பெயர்.

கண்ணிலிருந்தே இந்தக் குறுகல் தொடங்குகிறது. கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகம் மறைக்கிற அளவு இடத்தைத்தான், ஏறக்குறைய 2 டிகிரி, கண் கூர்மையாகப் பார்க்கிறது. சுற்றியுள்ள மற்றதெல்லாம் மங்கல். கண் வினாடிக்கு 3, 4 தடவை தாவுவதால் எல்லாமே தெளிவாகத் தெரிவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. எங்கே தாவ வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அந்த நேரத்தில் நமக்கு இருக்கிற வேலை.

காதிலும் இதே கதைதான். 1953-ல் காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஹெட்போன் மாட்டி, வலது காதில் ஒரு பேச்சும் இடது காதில் வேறொரு பேச்சும் ஓடவிட்டார். ஒரு காதில் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். மறு காதில் கேட்டது ஆண் குரலா பெண் குரலா என்பது ஆட்களுக்குத் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. நடுவில் ஆங்கிலத்தை விட்டு ஜெர்மனுக்கு மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை. பாதி வாக்கியம் தமிழிலும் மீதி மலையாளத்திலும் ஓடுகிற ஊர்க்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

1959-ல் நெவில் மோரே இதையே கொஞ்சம் மாற்றி, கவனிக்காத காதில் ஆளின் சொந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்குப் பேர் அதைப் பிடித்தார்கள். சாவடி ஆள் எதையுமே பார்க்காமல் விடுவதில்லை, சில நம்பர் பிளேட்டுகள் அவரைத் திரும்ப வைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் தன் பெயரையே மூன்றில் இரண்டு பங்குப் பேர் தவறவிட்டார்கள்.

இதுவரை சொன்னதன் சாரம்: கவனிக்காமல் விடுவது மூளையின் கோளாறு இல்லை, மூளை வேலை செய்கிற முறையே அதுதான். எதை விடுகிறோம் என்பதில்தான் பிரச்சினை.

கோழி வண்டியைத் தேடுகிற வாரம்

ஆலப்புழைப் பக்கம் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் நம் பக்கத்துச் சாவடிகளில் மருந்து தெளிப்பார்கள். கோழி, வாத்து, முட்டை ஏற்றிய வண்டிகளைத் தேடித் திருப்பி அனுப்புவார்கள். 2024 டிசம்பரில் கேரள ஆஸ்பத்திரிக் கழிவுகள் திருநெல்வேலிப் பக்கம் கொட்டப்பட்டது தெரியவந்தபோது, தேடல் கழிவு வண்டிகள் மேல் திரும்பியது. ஒன்றைத் தேடுகிறவருக்கு மற்றது தப்புவது எந்தச் சாவடியிலும் நடக்கக்கூடியதுதான். கூண்டும் இறகும் தேடுகிற கண்ணுக்குத் தார்ப்பாய் கட்டிய வண்டி வெறும் வண்டி.

கவனம் ஒன்றில் முழுக்கப் பதிந்திருக்கும்போது, எதிரே பளிச்சென்று இருக்கிற இன்னொன்று தெரியாமலே போவதைக் கவனக்குருடு என்று சொல்லலாம். இதைக் காட்டிய சோதனைகளில் பேர்போனது 1999-ல் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோஃபர் சாப்ரிஸும் செய்தது. வெள்ளைச் சட்டை அணியும் கறுப்புச் சட்டை அணியும் பந்தைத் தட்டிப் போடுகிற வீடியோ. வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை தடவை பந்தைக் கைமாற்றினார்கள் என்று எண்ணவேண்டும். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒரு பெண் சாவகாசமாக நடந்து வந்து, நின்று, நெஞ்சில் அடித்துக்கொண்டு போவார். பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அந்தக் கொரில்லா தெரியவே இல்லை. வீடியோவைத் திரும்பப் போட்டுக் காட்டினால், இது வேறு வீடியோ என்று சாதித்தவர்களும் உண்டு.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. அவர்கள் சோம்பேறித்தனமாகப் பார்க்கவில்லை. கருத்தாக எண்ணினார்கள், அதனால்தான் தவறவிட்டார்கள். ரேஷன் கடையில் பில் போடுகிறவரும், டோக்கன் நம்பரையே பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவரும் பக்கத்து ஆளைக் கவனிக்காமல் இருப்பது பெரும்பாலும் இந்த ரகம்தான்.

ஆளைப் பார்க்கிறோமா, வகையைப் பார்க்கிறோமா

எனக்கு இந்த விஷயத்தில் ரொம்ப உறுத்துகிற இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1998-ல் இதே சைமன்ஸ், டேனியல் லெவின் என்பவருடன் சேர்ந்து ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு வேலை செய்தார். கையில் வரைபடத்தோடு ஒருவர், நடந்து போகிற ஆளை நிறுத்தி வழி கேட்பார். வழி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் நடுவே புகுந்து போவார்கள். அந்த மறைவில், வழி கேட்டவர் மாறிவிடுவார். வேறு உயரம், வேறு சட்டை, வேறு குரல். வழி சொல்கிறவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் புதிய ஆளிடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பேசுகிற ஆளே மாறியது தெரியவில்லை!

முதல் சுற்றில் மாற்றத்தைக் கண்டுபிடித்தவர்கள், வழி கேட்டவர்களின் வயசை ஒட்டிய மாணவர்கள். சரி என்று, அடுத்த சுற்றில் வழி கேட்கிறவர்களுக்குக் கட்டட வேலைக்காரர்களின் உடுப்பைப் போட்டுவிட்டு, மாணவர்களிடம் மட்டும் கேட்டுப் பார்த்தார்கள். இந்தத் தடவை 12 பேரில் 4 பேர்தான் கண்டுபிடித்தார்கள். முகம் மாறியதைக் கவனிக்காத ஒரு மாணவி, தான் பார்த்தது ஒரு கட்டட வேலைக்காரரை, அவ்வளவுதான் என்கிற மாதிரி விளக்கம் சொன்னார்.

ஆட்களின் எண்ணிக்கை சின்னதுதான், அதை வைத்து உலகத்தையே அளக்கக்கூடாது. ஆனால் நடந்தது நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நம்மோடு சேர்ந்தவரைத் தனி ஆளாகப் பார்க்கிறோம். வேறு ரகம் என்று மனசு ஒதுக்கியவரை அந்த ரகமாக மட்டும் பார்க்கிறோம். ஒருவரை அவருடைய தொழில், மொழி, உடுப்பு என்ற ஏதோ ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டு, அதற்கு மேல் பார்ப்பதை நிறுத்திவிடுவதற்கு வகைப்படுத்தல் என்று பெயர். சாவடி ஆளின் கையசைப்பு இங்கே மனிதர்கள் மேல் விழுகிறது.

எல்லையில் இருக்கிறவர்களுக்கு இதன் இரண்டு பக்கமும் தெரியும். ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக்கு வேலைக்குப் போன நம் ஆட்களில், தமிழர்களை அங்கே கூப்பிடுகிற "பாண்டி" என்ற ஒரே பெயரில் வருஷக்கணக்காக வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. பெயரைக் கேட்காத முதலாளியைப் பற்றி இன்றைக்கும் ஆத்திரமாகப் பேசுவார்கள். அதே வாயால், இங்கே புரோட்டாக் கடையில் மாவு பிசைகிற பையனை "ஏ, இந்திக்காரா" என்று கூப்பிடுவார்கள். அவன் ஒடிசாவா அசாமா என்று கேட்டதில்லை. போன மாசம் இருந்த பையன் போய் வேறு பையன் வந்திருந்தாலும் தெரியாது. கதவைத் தூக்கிக்கொண்டு யாரும் நடுவே போக வேண்டிய அவசியமே இல்லை.

கண்டக்டர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற அக்கா. இவர்களை நாம் மதிக்கவில்லை என்பதைவிட, இவர்கள் நம் கண்ணுக்கு ஆளாக வந்து சேரவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. வந்து சேர்ந்த பிறகல்லவா மதிப்பதும் மதிக்காததும்.

பழகிப்போதல் என்று இன்னொன்றும் உண்டு. ஒரே காட்சி, ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் மூளை அதற்குக் காட்டுகிற எதிர்வினை குறைந்துகொண்டே போகும். சாவடியைத் தினமும் அதே நேரத்துக்குத் தாண்டுகிற பால் வண்டியை யாரும் நிறுத்துவதில்லை. செங்கோட்டை ஆர்ச்சின் உச்சியில் திருவிதாங்கூர் சங்கு முத்திரை இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தும் சங்கு அங்கேயேதான் இருக்கிறது. அதற்கு அடியில் தினமும் போகிறவரிடம் மேலே என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டு ஆட்கள் விஷயத்திலும் இதே சங்கதிதான். அம்மா ஒரு மாசமாக நொண்டி நடப்பதை, வெளியூரிலிருந்து வந்த சித்திதான் முதலில் கேட்பாள்.

ஆக, கவனம் குறுகல். தேடுவதை மட்டும் பார்க்கும். வேறு ரகத்து ஆளையும் பழகிய ஆளையும் கையசைத்து விட்டுவிடும். இதோடு அவசரமும் சேர்ந்தால்?

அவசரம் செய்கிற வேலை

1973-ல் வெளியான ஒரு சோதனை இது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்புப் படிக்கிற மாணவர்களை வைத்துச் செய்தார்கள். அடிபட்டுக் கிடந்தவனைப் பெரிய மனுஷர்கள் தாண்டிப் போக, அந்நியனான சமாரியன் உதவினான் என்ற பைபிள் உவமை பலருக்கும் தெரிந்திருக்கும். மாணவர்களில் பாதிப்பேரிடம், பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் அந்த உவமையைப் பற்றியே பேசச் சொன்னார்கள். மீதிப்பேருக்கு வேலைவாய்ப்பு பற்றிய பேச்சு.

கிளம்பும்போது மூன்று விதமாகச் சொல்லி அனுப்பினார்கள். சிலரிடம், "ஏற்கெனவே நேரமாகிவிட்டது, ஓடுங்கள்." சிலரிடம், "சரியாக இருக்கும், இப்போதே போங்கள்." சிலரிடம், "இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, ஆனாலும் கிளம்பலாம்." போகிற சந்தில், ஒரு வாசலில் தலையைத் தொங்கப்போட்டு ஒருவர் சரிந்து கிடப்பார். மாணவர் தாண்டும்போது இருமி முனகுவார். இவர் ஆய்வாளர்கள் வைத்த ஆள்.

நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் உதவினார்கள். சுமாரான அவசரத்தில் இருந்தவர்களில் 45 சதவீதம். ஓடச் சொன்னவர்களில் 10 சதவீதம். மனசில் உவமையைச் சுமந்துகொண்டு போனதா வேலைவாய்ப்பைச் சுமந்துகொண்டு போனதா என்பது சொல்லத்தக்க வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. உதவி செய்வதைப் பற்றிப் பேசப் போகிறவர்களே, உதவி வேண்டிக் கிடந்தவரைத் தாண்டிப் போனார்கள்.

இந்தச் சோதனையைச் சொல்லி, "பாத்தியா, சாமி படிக்கிறவன் லட்சணம்!" என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆய்வாளர்கள் சொன்னது அதில்லை. தாண்டிப் போனவர்கள் போய்ச் சேர்ந்தபோது சிலர் பதற்றமாக இருந்தார்கள். அங்கே ஒருவர் காத்திருக்கிறார், இங்கே ஒருவர் கிடக்கிறார் என்ற இரண்டு கடமைக்கு நடுவே மாட்டியவர்கள் அவர்கள். மற்றவர்களுக்கோ, வாசலில் கிடந்தது உதவி வேண்டிய ஆள் என்று அந்த நேரத்தில் மனசுக்கு எட்டவே இல்லை. கண்ணில் பட்டது உண்மை. அது என்ன என்று நிறுத்திப் பிரித்துப் பார்க்க நேரம் இல்லை.

அவசரம் செய்கிற வேலை இதுதான். சாவடி ஆளின் காதில் யாரோ "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்திக்கொண்டே இருந்தால், அவர் கையில் இருக்கிற ஒரே பட்டியலைத் தவிர வேறு எதையும் பார்க்கமாட்டார். சோதனை சின்னது, 40 மாணவர்கள்தான். ஆனால் தென்காசி ரயிலைப் பிடிக்க ஓடுகிற காலை நேரத்தில் நம்மை நாமே பார்த்துக்கொண்டால் போதும்.

"செல்போன்தான் காரணம்" என்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2010-ல் வெளியான ஆய்வில், ஐரா ஹைமன் என்பவரின் குழு அமெரிக்கக் கல்லூரி வளாகம் ஒன்றில் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுகிற கோமாளியை விட்டுப் பார்த்தது. போனில் பேசிக்கொண்டு நடந்தவர்களில் 25 சதவீதம் பேர்தான் கோமாளியைப் பார்த்தார்கள். தனியாக நடந்தவர்களில் பாதி. பாட்டுக் கேட்டுக்கொண்டு நடந்தவர்களில் 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டு பேராகப் பேசிக்கொண்டு நடந்தவர்களில் 71 சதவீதம். போன் கவனத்தைத் தின்கிறது, சரி. ஆனால் போனே இல்லாமல் தனியாகப் போனவர்களிலும் பாதிப்பேருக்குக் கோமாளி தெரியவில்லை. போனைப் பிடுங்கிவிட்டால் மனுஷத்தன்மை திரும்பிவிடும் என்பது ரொம்ப மலிவான கணக்கு.

பாராமுகமும் மரியாதைதான்

ஒருவர் முகத்தையே பார்க்காமல் போவதெல்லாம் தப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. 1963-ல் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். பொது இடத்தில் எதிரே வருகிறவரை ஒரு கணம் பார்த்து, நீ இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும் என்று காட்டிவிட்டு, உடனே பார்வையை எடுத்துக்கொள்கிறோம். அதுவே ஒரு மரியாதை. இதை நாகரிகமான பாராமுகம் என்று சொல்லலாம். 1970-ல் ஸ்டான்லி மில்கிராம், நகரத்து மனிதர்கள் ஒதுங்கிப் போவது கல்நெஞ்சத்தால் அல்ல, பார்க்க வேண்டியது அளவுக்கு மீறி இருப்பதால் தங்களைக் காத்துக்கொள்கிற வழி என்று விளக்கினார்.

பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்குகிற வரை வெறித்துப் பார்க்கிறவனிடம் கவனம் நிறையத்தான் இருக்கிறது. அது வேறு. அடுத்தவரைக் கவனிப்பது என்றால் அவருக்கு இப்போது என்ன தேவை, என்ன சிரமம் என்று நம் கண்ணுக்கு எட்டுவது. சில நேரம் அவருக்குத் தேவைப்படுவது நாம் பார்க்காமல் இருப்பதாகவே இருக்கும். கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறவரின் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே பார்ப்பதும் கவனிப்புதான்.

மெதுவாகப் போனால் போதுமா?

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் போய்ப் பாருங்கள். 1904-ல் போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. 2010-ல் நிறுத்தி, அகலப் பாதையாக்கி, 2018-ல் திரும்ப விட்டார்கள். பின்னாலிருந்து ஒரு இன்ஜின் தள்ள, ஆமை வேகத்தில் மலையேறும். இதைவிட மெதுவாகப் போக முடியாது. பெட்டிக்குள் எல்லாரும் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டா இருக்கிறார்கள்? கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் வரும்போது ஜன்னலுக்கு முண்டியடிப்பதில் யாருடைய கால் மிதிபடுகிறது என்றுகூடத் தெரியாது. உடம்பு மெதுவாகிவிட்டால் மனசும் நிதானமாகிவிடும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மறுபக்கம், கை மின்னல் வேகத்தில் ஓடுகிறவர்கள் சிலர் கவனிப்பில் பெரிய ஆட்கள். பஸ் வந்து நின்றவுடன் முப்பது பேர் மொய்க்கிற டீக்கடையில் மாஸ்டர் ஒரு பக்கம் ஆற்றிக்கொண்டே, "தாத்தாவுக்குச் சீனி போடாத, டம்ளர்ல அரையா ஊத்து" என்று பையனிடம் சொல்வார். தாத்தா வாயே திறந்திருக்கமாட்டார். கை நடுங்குகிறது, முழு டம்ளர் கொடுத்தால் சிந்தும் என்று மாஸ்டர் பார்த்துவிட்டார். டீ ஆற்றுவது அவருக்குக் கவனம் தேவைப்படாத வேலையாகிவிட்டது. திரும்பத் திரும்பச் செய்து கைக்கே பழகிப்போய், கவனத்தைக் கேட்காமல் நடக்கிற வேலையைத் தன்னியக்கம் என்பார்கள். அந்த வேலை விட்டுக்கொடுத்த கவனத்தை மாஸ்டர் ஆட்கள் மேல் வைக்கிறார். நம்மில் பலர் அதைப் பழைய கோபத்திலோ நாளைய கடன் தவணையிலோ வைத்துவிடுகிறோம்.

ஆகவே "நிதானம்" என்றால் வேகத்தைக் குறைப்பது என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். கவனத்தில் கொஞ்சம் இடம் காலியாக வைத்திருப்பது என்று எடுத்துக்கொண்டால் வேலைக்கு ஆகும்.

கொல்லம் போகிற கேரள பஸ் ஒன்றில் பார்த்தது. மஞ்சப்பையோடு ஒரு ஆச்சி. கண்டக்டர் வந்து, "அம்மே, எவிடெயா?" என்கிறார். ஆச்சி, "ஆசுபத்திரிக்கு" என்கிறார். எந்த ஊர் ஆஸ்பத்திரி? கண்டக்டருக்குத் தமிழ் அரைகுறை, ஆச்சிக்கு மலையாளம் சுத்தமாக வராது. அவர் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. ஆச்சியின் கையில் நாலாக மடித்த சீட்டைக் குனிந்து பார்த்தார். "புனலூரா?" ஆச்சி தலையாட்டினார். டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஸ்டாப்பில் அவர் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற வரைக்கும் பெல் கயிற்றை இழுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். பஸ் லேட்டாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லைப்புறத்தில் இது அடிக்கடி நடக்கிறது என்பது என் அபிப்பிராயம். பேச்சு முழுசாகப் புரியாதபோது வகை, பெட்டி எல்லாம் உதவாமல் போகிறது. முகத்தையும் கையையும் பார்த்தாக வேண்டியிருக்கிறது. சாவடியில் பேப்பர் வேற்று மொழியில் இருந்தால் வண்டியை நிறுத்தித்தானே ஆகவேண்டும்.

பழகுவதற்கு என்ன செய்யலாம்

பெரிய தியானம் எதுவும் வேண்டாம். அவசரத்தின் கணக்கை மேலே பார்த்தோம். 63-க்கும் 10-க்கும் நடுவே இருந்த வித்தியாசம் குணம் இல்லை, சில நிமிஷம். எனவே முதல் வேலை, பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் முன்னால் வீட்டை விட்டுக் கிளம்புவது. உபதேசம் கேட்பதைவிட இதற்குப் பலன் அதிகம் என்பது என் கட்சி.

இரண்டாவது, ஒரு நாளில் ஏதாவது ஓர் இடத்தில், காசு கொடுக்கிற அந்தக் கணத்தில், வாங்குகிறவரின் முகத்தைப் பார்ப்பது. ஜி-பே வந்த பிறகு நாம் பார்ப்பது அட்டையை, கேட்பது ஸ்பீக்கர் சத்தத்தை. கடைக்காரர் முகம் நடுவிலிருந்து விலகிவிட்டது. நிமிர்ந்து பார்த்து, "நேத்து கடை அடச்சிருந்துச்சே அண்ணாச்சி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

இந்தச் சின்னப் பேச்சுக்கு உண்மையிலேயே பலன் இருக்கிறதா? உண்டு. நெருங்கிய சொந்தமோ நட்போ இல்லாத, முகம் தெரிந்த அளவில் இருக்கிற உறவுகளை மெல்லிய பிணைப்பு என்று சமூகவியலில் சொல்கிறார்கள். 1973-ல் மார்க் கிரானோவெட்டர் எழுதிய கட்டுரைதான் இதைப் பிரபலமாக்கியது. 2014-ல் வெளியான ஆய்வில் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் காபிக் கடைக்குப் போகிறவர்களில் சிலரைக் கவுன்ட்டரில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மற்றவர்களை வேலையை மட்டும் முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பேசியவர்கள் மனசு உற்சாகமாகவும், இந்த இடத்தைச் சேர்ந்தவன் நான் என்ற உணர்வு கூடுதலாகவும் இருந்ததாகச் சொன்னார்கள். அதே வருஷம் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோ ரயில்களில் பார்த்ததும் இதேபோல: பக்கத்து ஆளிடம் பேசினால் பயணம் கெட்டுப்போகும் என்று எதிர்பார்ப்பவர்கள் அதிகம், பேசிப் பார்த்தவர்களுக்கோ பயணம் இனிமையாக இருந்தது. செங்கோட்டைக்காரர்களுக்குச் சிகாகோவிலிருந்து இதைச் சொல்ல வேண்டியிருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

மூன்றாவது, ஒரு பெயர். தினமும் பார்க்கிற, பெயர் தெரியாத ஒருவரிடம் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்தவரைப் பெட்டிக்குள் போடுவது கஷ்டம்.

கண்ணுக்குத் தெரிந்த பிறகு

கவனிப்பது முதல் படி மட்டுமே. பார்த்தோம், உதவி வேண்டும் என்றும் புரிந்தது, ஆனாலும் கால் நகராமல் நிற்பது உண்டு. கூட்டமாக நிற்கும்போது வேறு யாராவது செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பதை டார்லியும் பிப் லட்டானேயும் 1968-லேயே சோதித்துக் காட்டினார்கள். அதனால் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்துவதைவிட, "நீல சட்டை அண்ணே, நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க" என்று ஒருவரைக் காட்டிச் சொல்வது நல்லது.

நம் ஊரில் கால் நகராததற்கு இன்னொரு காரணம் போலீஸ், கோர்ட் பயம். விபத்தில் சிக்கியவருக்கு உதவுகிறவரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளை 2016-ல் சுப்ரீம் கோர்ட் உறுதிப்படுத்தியது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவியவர் மேல் அதற்காக வழக்குப் போட முடியாது என்கிறது. உங்கள் பெயரையும் விலாசத்தையும் சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது.

108 இரண்டு மாநிலத்திலும் வேலை செய்யும். கோட்டைவாசல் பக்கம் நின்று கூப்பிட்டால், எந்த மாநிலம், புளியரைப் பக்கமா ஆரியங்காவுப் பக்கமா, கிட்டத்தில் என்ன கோயில், என்ன பாலம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் மற்றதைச் சொல்லலாம்.